முப்பத்தெட்டாவது கேள்வி

“வணக்கம். நான் இறப்புக் காரண ஆய்விலிருந்து வருகிறேன். உங்கள் வீட்டில் அண்மையில் நேர்ந்த இழப்புக்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.”

என் தோழி பென்சில் வாசலில் நின்று இதை என்னிடம் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வருடமாக ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. கேட்காமலே என் சாப்பாட்டு டப்பாவில் கையை விடுகிறவள். வேலையெல்லாம் காகிதத்திலிருந்து டேப்லெட்டுக்கு மாறிய பிறகும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். அவள் சிரிக்கவில்லை. முதல் வாக்கியங்களை ஒரு எழுத்து விடாமல் படிக்க வேண்டும் என்பது விதி. நானும் நூற்றுக்கணக்கான வாசல்களில் இதை இப்படித்தான் படித்திருக்கிறேன். அந்தப் பக்கம் நின்று கேட்டால் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது.

வீட்டிலேயே இறந்துபோனவர்களின் குடும்பத்தைத் தேடிப் போய், கடைசியில் அவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டு எழுதுவது எங்கள் வேலை. நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். ஆமாம், இல்லை, தெரியாது. பதில்களை வைத்துக்கொண்டு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக உட்கார்ந்து இன்ன காரணம் என்று முடிவு செய்வார்கள். பிறகு அது அட்டவணையாகி, கட்டுரையாகி, நாங்கள் படிக்காத ஏதோ ஒரு பத்திரிகையில் வரும். எந்த வீட்டுக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப்போட்டு எடுக்கிறது. இந்த மாதம் எடுத்த வீடுகளில், மூன்று மாதம் முன்பு அக்கா இறந்துபோன எங்கள் வீடும் ஒன்று. சொந்த வீட்டை நாமே விசாரிக்கக் கூடாது என்பதால் பென்சிலை அனுப்பினார்கள்.

விருப்பம் இல்லை என்று சொல்லி மறுத்திருக்கலாம். அதற்கும் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. ஆனால் அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது எடுத்தது அக்கா மகள். “‘வரச் சொல்லுங்க’ன்னு சொல்லிட்டேன் சித்தி” என்றாள். “அம்மா எதனால போனாங்கன்னு யாராவது சொல்லணும்ல?” ஒரு தனி ஆளுக்கு இன்ன காரணம் என்று யாரும் கடிதம் போடமாட்டார்கள், ஆயிரம் பேரில் ஒரு எண்ணாகத்தான் உன் அம்மா இருப்பாள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தொன்பது வயது. மூன்று மாதமாக என்னிடம் அவள் சேர்ந்தாற்போல் நான்கு வார்த்தை பேசியதே அன்றைக்குத்தான்.

அவளுக்கு எதனால் என்று ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. அக்கா இறந்த அன்று காலையில் அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை. கல்லூரியில் மூன்று நாள் வெளியூர் போவதைப் பற்றி. “உன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கலை” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் எடுக்காமல் கதவை அறைந்துவிட்டுப் போனாள். மத்தியானம் அக்கா போய்விட்டாள். நல்லா இருந்தவ, படுத்தா, எழுந்திருக்கலை என்று வந்தவர்களிடமெல்லாம் நான் சொன்னேன். அது அந்தப் பெண்ணின் காதில் எப்படி விழும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். யோசித்தும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குப் பதினொன்றேகால் மணிக்கு அக்கா தையலைப் பாதியில் விட்டுவிட்டு என் அறைக்கு வந்தாள். “ஒரு மாதிரி இருக்குடி. நெஞ்சை அழுத்துது. கையெல்லாம் கடுக்குது.” வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குத் தலைக்கு மேல் வேலை. பன்னிரண்டு மணிக்குள் ஆறு படிவங்களை அனுப்பியாக வேண்டும். அதில் ஒன்றில் நான் அப்போது நிரப்பிக்கொண்டிருந்தது யாரோ ஒரு மனிதரின் நெஞ்சு வலி. எத்தனை மணி நேரம் இருந்தது, கைக்குப் பரவியதா. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “வாயுவா இருக்கும்க்கா. சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு” என்றேன். இரண்டே முக்காலுக்குச் சாப்பிடக் கூப்பிடப் போனேன்.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறுக்கு வழி உண்டு. முப்பத்தெட்டாவது கேள்வி, நெஞ்சு வலி இருந்ததா. அதற்கு இல்லை என்று தொட்டால் டேப் நேரே நாற்பத்தேழுக்குத் தாவிவிடும். நடுவில் எட்டுக் கேள்விகள் மிச்சம். வெயிலில் நான்காவது வீட்டுக்கு நடக்கும்போது எட்டுக் கேள்வி என்பது சின்ன விஷயம் இல்லை. “அப்படி ஒண்ணும் பெருசா வலி இல்லைல்ல?” என்று கேட்டால் அழுது களைத்த ஜனங்கள் ஆமாம் என்று தலையாட்டிவிடுவார்கள். எல்லோரும் எப்போதாவது செய்வதுதான். அக்கா போன பிறகு நான் எப்போதும் செய்தேன். களைப்பினால் இல்லை. எந்த வீட்டில் உட்கார்ந்து முப்பத்தெட்டைப் படித்தாலும், எதிரில் இருப்பவர் வாய் திறப்பதற்குள், என் தோளுக்குப் பின்னாலிருந்து “ஒரு மாதிரி இருக்குடி” என்று கேட்டது. கிழவர் இறந்த வீட்டிலும் கேட்டது, பள்ளிக்கூடப் பையன் இறந்த வீட்டிலும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அங்கே கொடியில் துணி இருக்கும், இல்லையென்றால் ஒரு மூடிய கதவு இருக்கும். பயந்து விரல் தானாக ‘இல்லை’க்குப் போகும். போன வாரம் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “முப்பத்தோரு சாவு, ஒருத்தருக்குக்கூட நெஞ்சு வலி இல்லையாம்மா? உங்க ஏரியாவில எல்லாருக்கும் இரும்பு நெஞ்சா?” அந்த முப்பத்தோரு பேரையும் இரண்டாம் தடவை கொன்ற மாதிரி இருந்தது எனக்கு.

இது பென்சிலுக்கும் தெரியும். அந்த வீடுகளுக்கு மறுபடி போகச் சொல்லியிருப்பது அவளைத்தான்.

அக்கா மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கும் சத்தமும் பாத்திரம் உருளும் சத்தமும் கேட்டன. பென்சில் வரிசையாகக் கேட்டாள். வயது. நாற்பத்தாறு. காய்ச்சல் இருந்ததா. இல்லை. மூச்சிரைப்பு. இல்லை. நான் தயாராகத்தான் இருந்தேன். முப்பத்தெட்டுக்கு இல்லை, அங்கிருந்து நாற்பத்தேழு, இருபது நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

“இறப்பதற்கு முந்தைய நாட்களில் மனதைப் பாதிக்கும்படி ஏதாவது நடந்ததா?”

“இல்லை” என்றேன்.

“ஆமான்னு போடுங்க ஆன்ட்டி.” குரல் சமையலறையிலிருந்து வந்தது. குழாய் ஓடிக்கொண்டேதான் இருந்தது. “அன்னைக்குக் காலையில நான்தான் சண்டை போட்டேன். அதுல போனாங்கன்னு எழுதுங்க.”

பென்சில் என்னைப் பார்த்தாள். பிறகு எதையோ தொட்டாள். அடுத்த சில கேள்விகளை அவள் வேகமாகப் படித்தாள், வாந்தி, தலைவலி, மயக்கம். நான் என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. முப்பத்தெட்டு வந்ததும் அவள் குரல் இறங்கியது. படிவத்தின் தமிழை விட்டுவிட்டு எங்கள் தமிழில் பேசினாள்.

“நெஞ்சு வலி... இல்லைன்னு போட்டுக்கவாடி?”

தோழி என்றால் அவள்தான். விரலை அந்தக் கட்டத்துக்கு மேலேயே வைத்திருந்தாள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். என் தோளுக்குப் பின்னால் எந்தக் குரலும் கேட்கவில்லை. அக்கா பேசாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இருந்துச்சு” என்றேன்.

டேப்பில் முப்பத்தொன்பது திறந்தது. ஏழு வருடத்தில் எத்தனையோ முறை பார்த்த திரைதான். எப்போது ஆரம்பித்தது. பதினொன்றேகால். கைக்குப் பரவியதா. ஆமாம். வியர்த்ததா. தெரியாது, நான் பார்க்கவில்லை. எப்போதோ குழாய்ச் சத்தம் நின்றிருந்தது.

“இதை அவர் யாரிடமாவது சொன்னாரா?”

“சொன்னாங்க.”

“யாரிடம்?”

அக்கா மகள் சமையலறை நிலைப்படியில் வந்து நின்றாள். முழங்கை வரை நனைந்திருந்தது. இவள் இனி இந்த வீட்டில் இருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆனால் அந்தச் சண்டையை அவள் தலையிலிருந்து இறக்கிவைத்துவிடலாம். அது போதும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

“என்கிட்ட. நான் வாயுன்னு சொல்லிப் படுக்கச் சொன்னேன். நீ போட்ட சண்டை இல்லைடா கண்ணு. உங்கம்மா வந்து என்கிட்ட வலின்னு சொன்னாங்க. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கலை.”

அவள் அழுவாள், கத்துவாள், கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கெல்லாம் தயாராக இருந்தேன். அவள் அசையவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ கணக்கு உதைக்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“எத்தனை மணிக்கு சித்தி?”

“பதினொண்ணேகால்.”

அவள் உதடு மட்டும் அசைந்தது. பிறகு பென்சிலிடம் திரும்பினாள்.

“வேற யார்கிட்டயாவது சொன்னாங்களான்னு கேள்வி இருக்கா ஆன்ட்டி?”

“இருக்கும்மா. அதுலயே இன்னொரு பேரைச் சேர்க்கலாம்.”

“எனக்கு போன் வந்துச்சு. பன்னெண்டு அஞ்சுக்கு. கிளாஸ் இல்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். திட்டத்தான் கூப்பிடுறாங்கன்னு நான் எடுக்கலை.” ஈரக் கையை உடையில் துடைக்கப் போனவள் பாதியில் மறந்து அப்படியே நிறுத்தினாள். “திட்ட இல்லைல்ல, சித்தி?”

நான் அவளிடம் போக எழுந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பென்சில் மடியில் டேப்போடு உட்கார்ந்திருந்தாள். யாரும் எதையும் தொடாததால் திரை மங்கியது. அவள் விரலால் தட்டினாள். அது வெளிச்சமானது. மறுபடி மங்கியது. மறுபடி தட்டினாள். நிலைப்படியில் அந்தப் பெண்ணின் முழங்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.