வலிக்காத கால்

சர்க்கரை நோயால் அவருடைய பாதங்களில் உணர்வு மங்கிவிட்டிருந்தது. சின்னக் கொப்புளம் புண்ணானாலும் விரலை எடுக்க நேரலாம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால் இந்தச் சுற்றுலாவில் உட்காரும் இடமெல்லாம் மனைவி அவர் ஷூவைக் கழற்றவைத்து, விரலிடுக்கெல்லாம் துடைத்து, காய்ந்த சாக்ஸ் மாட்டிவிடுவாள். இன்று மழையிலேயே கோட்டையைச் சுற்றிவிட்டு, அருங்காட்சியக வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"கழட்டுங்க."

"பாக்க வேண்டியதெல்லாம் உள்ள கண்ணாடிப் பெட்டியில இருக்கு. என் காலையும் அங்கயே வெச்சிடேன்."

"நனைஞ்சிருக்கும்."

"காஞ்சுதான் இருக்கு. என் காலப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவள் பையிலிருந்து காய்ந்த சாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் அவரே வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தார்.

சாக்ஸ் சொதசொதவென்றிருந்தது. குதிகால் பக்கம் ரத்தம் கசிந்து சிவந்திருந்தது. அவள் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஈரம் போகட்டும் என்று நேற்று விடுதியில் அவர் இஸ்திரிப்பெட்டியை வைத்து அழுத்திய உள்மெத்தை, சுருண்டு விறைத்து, விளிம்பு கத்திபோல் நின்றது.

"காலையிலேர்ந்து இதுமேலயா நடந்தீங்க?"

"வலிக்கவே இல்லயே."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவருக்கு உறைத்தது.

அவள் குனிந்து சாக்ஸை உருவி, குதிகாலில் இருந்த ரத்தத்தைத் துடைத்தாள். "மேல்தோல்தான். ஆழமில்ல. ஆனா இன்னிக்கே டாக்டர்ட்ட காட்டணும். இனிமே நடை கிடையாது."

அவர் மறுக்கவில்லை. இடது ஷூவையும் தானே கழற்றி, பாதத்தை அவள் மடியில் வைத்தார்.

"இதையும் பாத்துடு."