கொதிக்கும் கூழில் கொட்டிய மருந்து

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு வெல்டரோட மகள் கதை சொல்றேன்.

அந்தக் குழந்தையின் கணையத்தில் செரிமான நொதி சுரக்கவில்லை. நொதிதான் சாப்பாட்டைச் சட்டென்று உடைக்கும். தான் தேயாமல் அடுத்த வாய்ச் சாப்பாட்டையும் உடைக்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு ஊட்டினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். டாக்டர் நொதி கேப்சூல் கொடுத்தும் எடை குறைந்துகொண்டே வந்தது. இந்த முறையும் குறைந்தால் வயிற்றில் துளையிட்டு, உணவு செலுத்தக் குழாய் வைப்போம் என்றிருந்தார்.

ஆஸ்பத்திரியில் தராசு முள் இறங்கித்தான் நின்றது. வெல்டர் அப்பா மகளைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டார்.

"மருந்தை எப்படிக் கொடுக்கறீங்க அண்ணே?" என்றாள் நர்ஸ்.

"கேப்சூலைப் பிரிச்சு, கொதிக்கிற கூழ்ல கொட்டி, ஆத்தி ஊட்டுறேன். சூட்டுலதானே எதுவும் நல்லாச் சேரும்?"

"அது இரும்புக்கு. நொதி சூடு பட்டா உருக்குலைஞ்சிடும். மருந்தை நீங்களே வேக வெச்சிருக்கீங்க."

 விஷயம் தெரிந்த டாக்டர், குழாய் வைப்பதற்குப் பத்து நாள் தவணை கொடுத்தார்.

அன்றிலிருந்து அப்பா மருந்தை ஆறிய பழக்கூழில் தூவி, வேளை தவறாமல் சாப்பாட்டோடு கொடுத்தார். பதினோராம் நாள் தராசின் முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"கண்ணைத் திறங்க அண்ணே. முந்நூறு கிராம் ஏறியிருக்கு."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் தேறி வளரட்டும், கண்ணுகளா.