மூணு வராத நாள்

நோயாளிகளைத் தூக்கும் மெஷின் வார்டுக்கு வந்ததிலிருந்து கிரேன் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா அந்த வார்டின் மூத்த நர்ஸ். எப்பேர்ப்பட்ட நோயாளியையும் கட்டிலிலிருந்து அலாக்காகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பாள், அதனால் அந்தப் பட்டப்பெயர். அவள் இடுப்பு போய் ஒரு வருடமாகிறது என்பது வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். காலையில் அவளுக்கு ஷூ மாட்டிவிடுவதே அவர்தான். வெளியே தெரிந்தால் டோக்கன் கவுன்டரில் உட்காரவைத்துவிடுவார்கள். வார்டை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை.

பிறகு குஷி இருக்காதா? ஆனால் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, தேவையில்லை என்றால் மெஷினை மாடி வார்டுக்குக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. இன்றைக்கு மேட்ரன் முடிவு சொல்ல வருகிறார். காலையிலிருந்தே வார்டு கல்யாண வீடு மாதிரி பரபரத்தது.

மேட்ரன் வந்ததும், கட்டிலில் கிடந்த ஒரு லாரி டிரைவரை நாற்காலிக்கு மாற்றச் சொன்னார். ஆள் மலை மாதிரி. இரண்டு இளம் நர்சுகள் அவர் முதுகுக்கடியில் மெஷினின் துணித்தொட்டிலை நுழைத்துவிட்டு, கொக்கியை மாட்டத் தெரியாமல் திண்டாடினார்கள். மேட்ரன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரமா? உங்ககிட்டதான் ஏற்கெனவே ஒரு கிரேன் இருக்கே. இதை மாடிக்கே குடுத்துடலாம்."

சின்னவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருத்தி கொக்கியை விட்டுவிட்டு, "ஆமா மேடம், எங்க அக்கா ஒரு நிமிஷத்துல மாத்திடுவாங்க. வாங்கக்கா" என்றாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

பழக்கதோஷம், அக்காவின் கைகள் தாமாகவே டிரைவரின் அக்குளுக்கடியில் போய்விட்டன. மூணு என்றதும் எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டும். எண்ணுவது எப்போதும் அக்காதான்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு."

மூணு வரவில்லை. எல்லோரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள். டிரைவர் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன சிஸ்டர், அடுத்தது மறந்துடுச்சா?" என்றார்.

அக்கா கையை உருவிக்கொண்டாள். டோக்கன் கவுன்டர் கண்முன் வந்து நின்றது. வருவது வரட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"என்னால முடியாது மேடம். இடுப்பு போய் ஒரு வருஷமாச்சு. மாத்திரையைப் போட்டுக்கிட்டுதான் தூக்கறேன். என்னை வேணும்னா கவுன்டருக்கு அனுப்புங்க. மெஷினை மட்டும் எடுத்துடாதீங்க. இந்தப் பிள்ளைங்க முதுகாவது மிஞ்சட்டும்."



"எனக்கும் தோள்பட்டை மேடம்," என்றாள் கொக்கியை விட்டவள். "ராத்திரி கையைத் தூக்க முடியல."

"எனக்குக் கழுத்து," என்றாள் மற்றவள்.

"எனக்கும் முதுகுதான்," என்றார் டிரைவர், கேட்காமலே.

மேட்ரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"நீங்க கவுன்டருக்குப் போயிட்டா இவங்களுக்கு மெஷினை யாரு பழக்கறது? இன்னைக்கே டாக்டர்கிட்ட இடுப்பைக் காட்டுங்க. இனிமே கையால தூக்கினா எனக்குக் கெட்ட கோபம் வரும். மெஷின் இங்கேயே இருக்கட்டும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னவர்கள் அவசர அவசரமாகக் கொக்கிகளை மாட்டி, பொத்தானை அக்காவின் கையில் கொடுத்தார்கள். கொடுத்த வேகத்தில் பழைய ஞாபகத்தில், "ஒண்ணு, ரெண்டு" என்று கோரஸாக எண்ணவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"மூணு," என்று அக்கா ஒற்றை விரலால் அழுத்தினாள். மலை மெல்ல மேலே எழும்பியது. அவளுக்கு இடுப்பு வலிக்கவில்லை.