தொண்ணூற்றொரு மைக்ரான்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு க்ரீம் பன்னுக்கு நான் வாயை மூடிக்கொண்டதில் பிறந்தது.

என் பெயர் ரஹ்மத். தெஹ்ரானில் ஒரு பாலிமர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக வாயு உருளைகளைப் பார்த்துக்கொள்பவன். கதையும் எழுதுவேன். ஆய்வகத்தில் யாரும் என் கதைகளைப் படித்ததில்லை. நானும் அவர்களுடைய கட்டுரைகளைப் படித்ததில்லை. கணக்கு சரி.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "கறுத்த அந்தப் படலத்தின் ஊடே வாயுக்கள் விதியைப் போல மௌனமாக—"

[அடித்துவிட்டேன். வாயுக்களுக்கு விதி கிடையாது. ஆராய்ச்சி மாணவர்களுக்குத்தான் உண்டு.]

இரண்டாவது: "பரஸ்தூ பேரழகி." இதை அவளிடமே காட்டினேன். அவள் அங்கே ஆறு வருடமாக டாக்டர் பட்டத்துக்கு உழைப்பவள்.

"ரஹ்மத் ஆகா, இது என்னையப் பத்தியா? நான் தலை வாரி எத்தன நாளாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

அதையும் அடித்துவிட்டேன். [ஆகா என்றால் எங்கள் ஊரில் ஐயா, கானும் என்றால் அம்மணி.]

2

[விஞ்ஞானம் பிடிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். எங்கள் ஆய்வகத் தலைவர் டாக்டர் கியாசியே தாண்டித்தான் படிப்பார்.]

பூமியிலிருந்து வரும் எரிவாயுவில் கரியமில வாயு கலந்திருக்கும். அதைப் பிரிக்க ஒரு பிளாஸ்டிக் படலம் வேண்டும். படலத்துக்கும் தூதரக வாசலுக்கும் ஒரே வியாதி. வேகமாக விட்டால் ஆள் பார்க்காது, ஆள் பார்த்தால் வரிசை நகராது. உலகத்துப் படலங்களை எல்லாம் ஒரு தாளில் புள்ளிகளாக வைத்து, மேலே ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். வேகத்திலும் தேர்விலும் கெட்டிக்காரப் படலம் மட்டும் கோட்டைத் தாண்டும். அதற்காகத்தான் பிளாஸ்டிக் கரைசலில் கண்ணுக்கே தெரியாத கரிக்குழாய்களைக் கலக்கிறார்கள். வாயு அந்தக் குழாய்களில் வழுக்கிக்கொண்டு ஓடுமாம். பெரும்பாலும் குழாய்கள் கட்டியாகத் திரண்டு, ஓட்டையைத்தான் கொடுக்கும்.

டாக்டர் கியாசி பரஸ்தூவின் வழிகாட்டி. அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று.

"புள்ளி கோட்டுக்கு மேல போகட்டும், சனிக்கிழமையே உங்க பட்டத் தேர்வை வெச்சுக்கலாம். கீழ நின்னுச்சுன்னா, கானும், டீ குடிங்க, இன்னொரு வருஷம் இருங்க."

இன்னொரு வருடம் இருந்தால் ஜெர்மனியில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை போய்விடும். பரஸ்தூ முப்பத்தாறு படலம் வார்த்தாள். கிழிந்தவை பாதி, ஒழுகியவை மீதி. முப்பத்தேழாவது படலத்தின் புள்ளி கோட்டைத் தாண்டியது.

3

எங்கள் ஊரில் நல்ல செய்தியை வெறும் வாயால் சொல்ல முடியாது. ஷிரீனி வாங்கி வர வேண்டும், இனிப்புப் பெட்டி. கார் வாங்கினால் ஷிரீனி, பல் பிடுங்கிப் பிழைத்தால் ஷிரீனி. தின்றவன் எல்லாம் அந்தச் செய்திக்குச் சாட்சி. தின்ற பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

"கோட்டையே தாண்டிட்டு வெறுங்கையோட வந்தா எப்படி கானும்?" என்றார் டாக்டர்.

ஒரு மணி நேரத்தில் ரிப்பன் கட்டிய பெட்டி வந்தது. கனமான க்ரீம் பன்கள். பதினொரு பேர் இருந்தோம். டாக்டர் மீசையில் க்ரீமோடு சொற்பொழிவு ஆற்றினார்.

நான் இரண்டாவது பன்னைக் கடித்தபோதுதான் அவளுடைய நோட்டைப் பார்த்தேன். தடிமன்: தொண்ணூற்றொரு மைக்ரான்.

[இங்கே ஒரு சின்ன விளக்கம். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. படலத்தை அளந்துவிட்டுத்தான் விளிம்பில் அலுமினிய டேப் ஒட்டுவோம். அன்று அது சுருண்டுகொண்டே இருந்ததால் அவள் முதலில் டேப்பை ஒட்டினாள். நடுவில் அளந்தால் கிழிந்துவிடுமோ என்று பயந்து ஓரத்தில் வைத்து அளந்தாள். நான் பக்கத்தில் வால்வைத் திருகிக்கொண்டு நின்றேன். டேப்பையும் சேர்த்து அளந்திருக்கிறாள். கணக்கில் தடிமனால் பெருக்குவார்கள், இத்தனை தடிமனைத் தாண்டியும் இவ்வளவு வாயு வந்ததே என்று. ஆகவே தடிமன் ஏறினால் புகழும் ஏறும்.]

சொல்லியிருக்கலாம். வாய் நிறைய க்ரீம் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம், க்ரீம் இட்டவரை எதுவரை என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

4

திங்கட்கிழமை படலத்தை நறுக்கி எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்தார்கள். குறுக்குவெட்டில் நாற்பத்தெட்டு மைக்ரான்தான் இருந்தது. பரஸ்தூ படத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள்.

"ஆகா, நான் அளந்தப்ப நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

[இந்த இடத்தில் மூன்று நல்ல பதில்கள் எழுதிப் பார்த்தேன். அன்று திரும்பி உருளை வால்வை இறுக்கினேன், அவ்வளவுதான்.]

அவள் டாக்டரிடம் போனாள். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"மைக்ராஸ்கோப்ப யாரும்மா சாட்சிக்குக் கூப்பிட்டது? பதினோரு பேரு ஷிரீனி தின்னாச்சு. நான் டீன் வரைக்கும் சொல்லிட்டேன். நோட்டுல உள்ளதே இருக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம். நாற்பத்து மூன்று மைக்ரானை மறைக்க இரண்டு பருக்கை போதும்.

5

புதன்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் பரஸ்தூ மறுபடியும் ஒரு பெட்டியோடு வந்தாள். அதே கடை, அதே ரிப்பன்.

"ஓகோ! இப்ப என்ன விசேஷம்? கல்யாணமா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர். புள்ளி கோட்டுக்குக் கீழ வந்துடுச்சு. டேப்போட சேத்து அளந்துட்டேன், தப்பு என்னோடது. உண்மையான தடிமன் நாப்பத்தெட்டு. நோட்டுலயும் திருத்திட்டேன்." அவள் பெட்டியைத் திறந்தாள். "எடுத்துக்கங்க."

யாரும் எடுக்கவில்லை. தின்றவன் சாட்சி அல்லவா? சாட்சிகள் இருந்தால் நாற்பத்தெட்டு நின்றுவிடும். யாரும் தின்னாவிட்டால் தொண்ணூற்றொன்று நிற்கும், நாற்பத்தெட்டு என்று சொன்ன அவளுக்குப் பொய்க்காரி என்ற பெயர் நிற்கும்.

முடிவு, முதல் வரைவு: "ரஹ்மத் எழுந்தான். நடுங்காத கையால் முதல் பன்னை எடுத்து—"

[எவ்வளவு நன்றாக இருக்கிறது! இது டேப் ஒட்டி அளந்த ரஹ்மத்.]

இரண்டாம் வரைவு: "டாக்டர் கியாசி கண் கலங்கி, கானும், நீங்கள்தான் உண்மையான விஞ்ஞானி—"

[அவர் உயிரோடு இருக்கிறார். இதைப் படித்தால் அவரே சிரிப்பார்.]

டேப் இல்லாமல் அளந்தால் இவ்வளவுதான். பதினொரு பேர் டீக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தோம். அவள் பெட்டியை ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு வந்தாள். ஆறு வருடமும் ஜெர்மனியும் அந்த அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. கடைசியாக என் முன்னால் நின்று, "ஆகா, நீங்களாவது?" என்றாள்.

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். எழுதினால் நிச்சயம் டேப் ஒட்டுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நீங்கள் டாக்டரிடம் சம்பளம் வாங்குகிறவர் இல்லை. டீக் கோப்பையும் உங்கள் கையில் இல்லை. பெட்டி இப்போது உங்கள் பக்கம் வருகிறது, ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எடுத்தால் நானும் எடுக்கிறேன்.