எழவு வீட்டில் அடுப்பு

நாகப்பன் தண்ணீர்க் குடத்தை வாசலில் கவிழ்த்தான். பிறகு தோசை மாவு, அதன் பிறகு நேற்று வைத்த இறால் குழம்பு. சாவு விழுந்த வீட்டில் எதையும் மிச்சம் வைக்கக் கூடாது, அடுப்பும் மூட்டக் கூடாது. உள்ளே அவன் அண்ணன் பெரியசாமி கால் கட்டைவிரல்கள் கட்டப்பட்டுக் கிடந்தார். தலைமாட்டில் அண்ணி காசியம்மாள் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

கடைசியாக, பஞ்சு அடைத்த கண்ணாடிப் பாட்டில் ஒன்று அவன் கைக்கு வந்தது. முகர்ந்து பார்த்தான். அந்த விஷயத்தில் நாகப்பனின் மூக்கு தப்பாது.

"இன்னா அண்ணி, கள்ளு கணக்கா நாறுது?"

அது பெரியசாமியின் மகள் திரௌபதி மெட்ராஸ் லேபிலிருந்து உயிரோடு கொண்டுவந்த ஈஸ்ட். அங்கே ஃப்ரிட்ஜ் பழுதாகி மற்றதெல்லாம் கெட்டுப்போக, அவளுடைய இத்தனை வருஷ வேலையில் மிஞ்சியது இது ஒன்றுதான். பெரியசாமியின் ரத்தப் புற்றுக்குப் போட்ட ஊசி மருந்து, இடுகாட்டில் கேட்பாரற்று மண்டிக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுப்பது. வண்டி வண்டியாக இலை வேண்டும், கிடைப்பதோ சிட்டிகை. கடைசி ஊசிக்கு மருந்து இல்லையென்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அந்த மருந்தைச் சுரக்கும் செடியின் வேலையை ஈஸ்டுக்குப் பழக்கப் பார்த்தாள் மகள். அது இன்னும் பழகவில்லை. மாவைப் பொங்க வைக்கிற சங்கதி மருந்து காய்ச்சுமா என்று பெரியசாமியே கேலி செய்வார்.

திரௌபதி தலை நிமிரவில்லை. "கொட்டிடு சித்தப்பா. நைனாவே பூட்டாரு. இனிமே யாருக்கு?"

காசியம்மாள் விருட்டென்று நிமிர்ந்தாள். புருஷனைக் கொடுத்தது போதாதா? எழுந்துபோய்ப் பாட்டிலைப் பிடுங்கினாள். இதற்கு இன்று தீனி வைக்க வேண்டிய நாள் ஆயிற்றே என்று மகளைக் கேட்டாள். சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும், வேறு கிருமி சேராமலிருக்க நெருப்போரமாகப் பிடித்துத்தான் ஊற்ற வேண்டும், இங்கே எப்படி என்றாள் திரௌபதி.

காசியம்மாள் அடுப்பில் சவுக்கு மிலாறுச் சுள்ளிகளைத் திணித்துத் தீக்குச்சியைக் கிழித்தாள். கூடியிருந்த பெண்களின் ஒப்பாரி நின்றுபோயிற்று. பிணம் கிடக்கும்போது அடுப்பா, குடும்பத்துக்கு ஆகாது என்று நாகப்பன் குதித்தான்.

"ஆகாததெல்லாம் ஆயிடுச்சி. எமன் வந்தான், எடுத்துக்கினு போனான். அவனுக்குப் பயந்துக்கினு இதையும் பட்டினி போடணுமா? ஒதுங்கு நாகப்பா."

சர்க்கரைத் தண்ணீர் கொதித்து ஆறியது. திரௌபதி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சோப்புப் போட்டுக் கை கழுவினாள். தீயோரம் பஞ்சைக் கழற்றி ஊற்றினாள். தாய் அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

இடுகாட்டுக்குப் போன ஆண்கள் ஏரியில் முழுகி, ஈர வேட்டியோடு திரும்பினார்கள். காசியம்மாளின் மடியோரம் பாட்டிலில் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. நாகப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். இந்தத் தடவை முகரவில்லை.