தண்ணீர் குடிக்காத வீடு

"கீழே வை அந்த டம்ளரை! கிளம்புற நேரத்துல தண்ணியா?"

மாமியார் பிடுங்கிய வேகத்தில் பாதித் தண்ணீர் தரையில் கொட்டியது. மருமகளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து மூன்று மாதம். பாலூட்டுகிறவளுக்குத் தொண்டை வறண்டு கிடந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் வெளியே கிளம்பும் நாளில் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. அதற்கு அடக்கம் என்று அங்கே பெயர்.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க போன இடத்துல ஒரு வாய் தண்ணி கேக்க மாட்டாங்க" என்று மகன் ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான். சோபா வியாபாரி. எதற்கெடுத்தாலும் கேரண்டி கொடுப்பதால் கடைத்தெருவில் அவன் பெயரே 'கேரண்டி'. விற்ற சோபாவில் ஸ்பிரிங் தொய்ந்தால் அன்றைக்கே ஆள் அனுப்புவான். பெண்டாட்டிக்கு அடிவயிற்றில் தொய்ந்ததை மட்டும், புழங்கின சாமான் அப்படித்தான் இருக்கும் என்று தள்ளிவிட்டான். கடைசிப் பிள்ளை நாலேகால் கிலோ. அந்த எடையைத் தானே சுமந்து இறக்கியவன் மாதிரி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

இன்றைக்குப் புதுக்கடை திறப்பு. முதலாளி வீட்டுப் பெண்கள் முன்வரிசை சோபாவில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்ள வேண்டும், பத்து மணிக்கு. மருமகளுக்கு ஆஸ்பத்திரியில் சொன்ன நேரமும் அதே பத்து.

"தும்மினா நனையுதுங்க" என்றாள் புருஷனிடம். "பிள்ளையைத் தூக்கினா என்னமோ கீழே இறங்குது. பயிற்சி செஞ்சா சதை இறுகும்னு நர்ஸம்மா சொன்னாங்க. ரெண்டு தடவை போகல. இன்னிக்கும் போகலைன்னா பேரை எடுத்துடுவாங்க."

"சதையை இறுக்கி விடுறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா? உலகத்துல எவளும் பெறாததைப் பெத்துட்டியா நீ? துணியை மடிச்சு வெச்சுக்கிட்டு வந்து சேரு. ஜாக்கிரதை, அந்த சோபா வெல்வெட்டு!"

சொல்லிவிட்டுக் கடைக்குப் பறந்தான். வெல்வெட்டுக்கு இருந்த மரியாதை அது.

எட்டு மாதக் கர்ப்பிணியான அவன் தங்கை கூடத்தில் விசிறிக்கொண்டிருந்தவள், தண்ணீர்க் குடத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

"உனக்கும்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "இப்பவே பழகிக்க, அப்புறம் கஷ்டம் தெரியாது."

"எதுக்கும்மா பழகணும்?"

அம்மா அலமாரியில் எதையோ தேடினாள்.

மருமகள்தான் வாயைத் திறந்தாள். "பிள்ளை பெத்ததுல வந்த கோளாறும்மா. எனக்கு மட்டும் இல்ல. கொல்லைக் கொடியில மறைச்சுக் காயப்போடுற துணி அத்தனையும் என்னோடது இல்ல. என்ன அத்தை, பொண்ணுக்கு இதையும் சீதனமாக் குடுத்து அனுப்பப் போறீங்களா?"

அறை விழப்போகிறது என்று மருமகள் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். விழவில்லை.

"அம்மா, உனக்குமா? எத்தனை வருஷமா?"

"உங்கண்ணன் பொறந்ததுலேர்ந்து."

முப்பத்தெட்டு வருடம். எந்த விசேஷ வீட்டிலும் அரைமணிக்கு மேல் தங்காதவளைச் சொந்தக்காரர்கள் திமிர் பிடித்தவள் என்றார்கள். நாற்றம் பிடித்தவள் என்பதைவிட அது தேவலை என்று அவளும் அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள்.

"இந்த வயசுல போனா... என்னையும் பாப்பாங்களா?"

"கேட்டாத்தானே அத்தை தெரியும்."

மாமியார் ஒரு டம்ளர் மொண்டு மகள் கையில் கொடுத்தாள். பிறகு செருப்பைத் தேடினாள்.

பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் கைப்பேசி அலறியது.

"எங்கேம்மா தொலைஞ்சீங்க மூணு பேரும்? சோபா காலியாக் கெடக்கு! வீட்டுப் பொம்பளைங்க எங்கேன்னு ஆளாளுக்குக் கேக்குறாங்க, நான் என்னத்தைச் சொல்ல?"

"உன்னைப் பெத்ததுல வந்த ரிப்பேரைப் பாக்கப் போயிருக்காங்கன்னு சொல்லு."

"அய்யோ, மெதுவாப் பேசும்மா! கடை நெறைய ஆளு நிக்குது!"

"அப்ப கொஞ்சம் சத்தமாவே சொல்லு" என்றாள் தாய்.