ஆறு கைப்பிடி அலமாரி

பெட்டிக்காரரிடம் எதைச் சொன்னாலும் ஒரே பதில்தான்: "அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது." சவப்பெட்டி செய்தே தலை நரைத்த மனுஷர். அவர் இழைத்த பலகையில் ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும். ஆனால் அவர் வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள், கட்டில், நாற்காலி, முக்காலி எல்லாம் கடையில் வாங்கியவை. நான் செய்ததை எவன் வீட்டுக்குள் வைப்பான் என்பார். வைக்க மாட்டேன் என்று யாராவது சொன்னார்களா என்றால், ஒருத்தரும் சொன்னதில்லை. கேள்வியும் அவரே கேட்டு, பதிலும் அவரே சொல்லி, அதற்காக ஊர்மேல் கோபமும் பட்டுக்கொள்வார்.

மின்தகன மேடை வந்தது, பெட்டி கேட்டு வருகிறவர்கள் குறைந்து போனார்கள். பக்கத்து டயர் கடைக்காரர் பட்டறையைத் தனக்கு விட்டுவிடச் சொன்னார். மாதக் கடைசியில் சாவி தருவதாக இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அவர் மனைவிக்கு இரண்டு கவலை. பட்டறை போனால் இந்த மனுஷன் வீட்டில் உட்கார்ந்து என் பிராணனை வாங்குவாரே என்பது பாதிக் கவலை. கை சும்மா கிடந்தால் ஆளே படுத்துவிடுவாரே என்பது மீதி.

"மாடிக்குப் புதுசா குடி வந்திருக்காங்களே டீச்சர், புத்தகம் வெக்க அலமாரி கேக்குறாங்க. செஞ்சு குடுங்க."

"அலமாரியா? அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது."

"பெட்டிய நிமித்தி வெச்சு நாலு தட்டு அடிச்சா அலமாரி. இதுல என்ன சரிப்பட்டு வராம போச்சு?"

"நான் என்ன தொழில் பண்றேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"அத அவங்க பாத்துப்பாங்க. நீங்க வேலையப் பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தார். ரம்பம் கைக்கு வந்ததும் சாப்பாட்டையே மறந்துபோனார். வார்னிஷ் அடித்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் பகீரென்றது. பழக்க தோஷம், பக்கத்துக்கு மூன்றாக ஆறு பித்தளைக் கைப்பிடிகளைப் பூட்டி வைத்திருந்தார். கழற்றினால் ஓட்டைகள் பல்லிளிக்கும்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு டயர் கடைக்குக் கிளம்பிவிட்டார். அதற்குள் டீச்சரைக் கூட்டிக்கொண்டு மனைவி பட்டறை வாசலுக்கே வந்து நின்றாள்.

டீச்சர் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். பெட்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் எதுக்கு?"

"தூக்குறதுக்கு. ஆறு பேரு..." பாவம், பொய் சொல்லக்கூட வரவில்லை.

டீச்சர் ஒரு கைப்பிடியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒரு வீடு மாறுறேன். ஒவ்வொரு தடவையும் பிடிக்க இடமில்லாம அலமாரிய மாடிப்படியில போட்டு உடைக்கிறாங்க. இது ஏன் யாருக்குமே தோணல? எங்க ஸ்கூல்ல பாதிப் பேரு வாடகை வீடுதான், காட்டினா எல்லாரும் கேப்பாங்க. இன்னும் செஞ்சு தருவீங்களா?"

வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. "அதெல்லாம் நமக்கு..." மனைவி முறைத்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் என்ன தொழில் பண்றவன்னு தெரியும்ல, டீச்சர்?"

"தெரியாம என்ன? எங்கப்பாவுக்கு உங்க பெட்டிதான். எங்கண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரு. அவ்வளவு செங்குத்தான படி, ஒரு குலுக்கல் இல்லாம அப்பாவ இறக்கினாங்க. அதனாலதான் உங்ககிட்டயே கேட்டேன்."

பெட்டிக்காரர் திரும்பி அந்தக் கைப்பிடிகளைப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஊர் தன் கையைப் பார்த்து முகம் சுளிக்கிறது என்று நினைத்திருந்தாரே, அது சுக்குநூறாகிவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு, வார்னிஷ் நெடி என்று அதன்மேல் பழியைப் போட்டார். சாவி திரும்பவும் ஆணிக்குப் போனது.

அன்றைக்குச் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "ஊருக்கெல்லாம் அலமாரி. நம்ம வீட்டுக்கு ஒரு கட்டில் செய்யக் கூடாதா?"

அவர் கை கழுவிவிட்டு, அளவு நாடாவை எடுத்து வந்து, அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்தார். பிறகு ஒரு தோளிலிருந்து மறுதோள்வரை.

அவள் அசையாமல் நின்றாள். இந்த வீட்டுக்குள் அவர் கையால் ஒரு சாமான் வரப்போகிறதே என்ற சந்தோஷம் அவளுக்கு.

"எப்படியோ செய்யுங்க" என்றாள். "மூடி மட்டும் போட்டுடாதீங்க."